உள்பக்கத் தாழ்ப்பாள்

அக்கா வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுதப்போகும் தேர்வின்போது வீட்டில் இருக்கப்போகிறவர்கள் எல்லாரையும் எழுதச் சொன்னது அந்தப் படிவம். வசீம் போனில் தட்டிக்கொண்டிருந்தான்.

கலீல் ரகுமான், 59, தகப்பன். கீழ்த்தளத்தில் பஞ்சு மெத்தைக் கடை.

லத்தீஃபா, 53, தாய்.

வசீம், 26, தம்பி. வேலை என்ற கட்டத்தை அப்படியே விட்டான்.

இனாயா, 7, மகள். பள்ளிக்கூடம் போய்விடுவாள்.

கோவிந்தராஜ், 50, கடை ஆள்.

"அவரு பேர எதுக்குடா போடுறே? அவரு இன்னா நம்ம சொந்தமா?" என்றாள் லத்தீஃபா.

"காலைல எட்டுலேர்ந்து ராத்திரி எட்டு வரைக்கும் இங்கதானம்மா கீறாரு. அவரு இருமுனா மேல கேக்குது. அப்புறம் யாரு இருமுனதுன்னு கேப்பான்."

தேர்வு எழுத வேண்டியவள் இன்னும் வந்து சேரவில்லை. ஆவடியில் நாற்பது கட்டில் உள்ள ஒரு மருத்துவமனையில் இஃபத் நர்ஸ். நேற்றிரவு லீவு கேட்டிருந்தாள். இன்னொரு நர்ஸ் வரவில்லை என்று கொடுக்கவில்லை. ஏழே முக்காலுக்குப் பூந்தமல்லி பஸ்ஸிலிருந்து இறங்கி, சந்துக்குள் நடந்து, படியேறி வந்தாள். செருப்பைக் கழற்றியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள்.

"குளிச்சிட்டு ஒரு மணி நேரம் படுக்கா" என்றான் வசீம்.

"படுத்தா எழுந்திரிக்க மாட்டேன். கேளு."

இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் கேட்டான்.

"பேஷண்ட் சொல்றா, ஐ காண்ட் கீப் எனிதிங் டௌன்."

"எது சாப்ட்டாலும் வயித்துல தங்கல."

"மை ஆன்ட்டி பிராட் மீ அப்."

"சித்தி வளத்தாங்க."

"ஐ பிராட் அப் சம் பிளட்."

"ரத்தமா வாந்தி எடுத்தேன்." இஃபத் தட்டைப் பார்த்தாள். "தக்காளிச் சட்னி தொட்டுக்கினு இருக்கும்போதுதான் இத கேக்கணுமா நீ?"

தேர்வு எழுதுவது இது மூன்றாவது முறை. அயர்லாந்தில் ஒரு மருத்துவமனை அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. இந்த மாதக் கடைசிக்குள் ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேறிய சான்றிதழ் வேண்டும். இரண்டு முறை தேறவில்லை. நோய்களின் பெயரும் மருந்துகளின் பெயரும் அவளுக்கு ஆங்கிலத்தில்தான் தெரியும். ஆனால் நோயாளியாக நடிக்க வருகிறவர்கள் அந்த ஆங்கிலம் பேசவில்லை. கம் டௌன் வித் என்றார்கள், ஃப்ளேர் அப் என்றார்கள், புட் ஆஃப் என்றார்கள். எல்லாம் ஒன்றாம் வகுப்புச் சொற்கள். இரண்டிரண்டாகச் சேரும்போது அவளுக்குக் கையில் பிடிபடவில்லை. போன தடவை நாற்பது விநாடி வாயைத் திறக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகுதான் வசீம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தான். அம்பத்தூர் கால் சென்டரில் பதினான்கு மாதம் இரவு ஷிஃப்ட்டில் அமெரிக்கர்களிடம் திட்டு வாங்கியவன். இந்தச் சொற்களை அவன் புத்தகத்தில் படிக்கவில்லை, திட்டிலிருந்து பொறுக்கினான். ஒருநாள் ஹெட்செட்டை மேஜைமேல் கழற்றி வைத்துவிட்டு நடந்து வந்துவிட்டான். ஏன் என்று கேட்டால் சும்மா என்கிறான். வந்து ஐந்து மாதமாகியும் அவனுக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. பகலில் உட்கார்ந்த இடத்தில் வருகிறது.

அவனுடைய முறை எளிது. ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு. அது எங்கே நடக்குமோ அங்கே ஒட்டிவிடுவான். கேஸ் சிலிண்டரில் ரன் அவுட். பால் சட்டிக்கு மேலே பாயில் ஓவர். மாத்திரை டப்பாவில் வேர் ஆஃப், அதாவது மருந்தின் வேகம் தீர்வது. பீரோவில் புட் அவே. அத்தா கலீல் ரகுமானின் நாற்காலி முதுகில் புட் அப் வித், அதாவது பொறுத்துக்கொள்வது. அதை ஒட்டியது யார் என்று அத்தா கேட்கவில்லை. மொத்தம் நூற்று அறுபத்து மூன்று சீட்டு. பஞ்சு அடிக்கும் மிஷினில்கூட ஒன்று, பிரேக் டௌன்.

இன்று எல்லாவற்றையும் பிய்த்தாக வேண்டும். அறைச் சுவரில் ஒரு எழுத்து இருந்தாலும் தேர்வு செல்லாது.

லத்தீஃபாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் எது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒன்றுவிடாமல் பிய்த்து பிஸ்கட் டின்னில் போட்டாள். கடைசியில் சுவரெல்லாம் பசைத் தடம்.

"பெருநாளைக்கு வெள்ளையடிச்ச சொவரு. போச்சு" என்றாள்.

பத்தே முக்காலுக்கு இஃபத் உள் அறைக்குப் போனாள். கதவு அடியில் இருந்த செங்கல்லைக் காலால் தள்ளினாள். அந்தக் கதவு மூடாமல் இருக்க அத்தா வைத்த செங்கல் அது. மூன்று வருடமாக அங்கேயே இருந்ததால் தரையில் அதன் அளவுக்குச் சிவப்பாக ஒரு கட்டம் பதிந்திருந்தது.

அந்த அறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. இருந்தது. திருவேற்காட்டிலிருந்து, புருஷன் ராஷித் வீட்டிலிருந்து, நான்கு வயது இனாயாவோடு ஒரு ஆட்டோவில் இஃபத் வந்து இறங்கினாளே, அன்று அவள் குழந்தையை அம்மா கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். இரண்டு நாள் திறக்கவில்லை. கூப்பிட்டால் பதில் இல்லை. இரண்டாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு கலீல் ரகுமான் மிஷினின் இரும்புத் தடியைக் கொண்டுவந்து கதவை நெம்பினார். அன்று மாலையே தாழ்ப்பாளைக் கழற்றிக் கீழே கொண்டுபோனார். திருகாணி ஓட்டைகளில் சோப்பைத் திணித்து அடைத்தார். அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் எந்தக் கதவையும் சாத்துவதில்லை. குளியலறைக்கு மட்டும் விதிவிலக்கு, அதிலும் வெளியே ஒரு ஆள் இருமிக்கொண்டே இருக்க வேண்டும்.

"நீ சாத்திக்கோ. நான் படியில ஒக்காந்துகினு காவல் பாத்துக்குறேன். ஒரு ஈ உள்ள வராது" என்றான் வசீம்.

கீழே மிஷின் நின்றது. பஞ்சுத் தூசி மெல்லப் படிந்தது.

"இன்னா பாய், சாயங்காலம் கல்யாண ஊட்டுக்கு நாலு மெத்த டெலிவரி. மிஷின நிறுத்திக்கினு கம்முனு ஒக்காந்தா மெத்த தானா தச்சிக்குமா?" என்றார் கோவிந்தராஜ்.

"ரெண்டு மணி நேரம் வாய மூடிக்கினு ஒக்காரு."

"நானு ஒக்காருவேன். மாப்ள ஊட்டுக்காரன் ஒக்காருவானா?"

தேர்வு நன்றாகவே தொடங்கியது. இது இஃபத் பிறகு சொன்னது. திரையில் வந்தவள் வயதான அம்மாவாக நடித்தாள். வலி மாத்திரை ராத்திரிக்குள் வேர் ஆஃப் ஆகிவிடுகிறது என்றாள், இரண்டு நாளாக த்ரோ அப் செய்கிறேன் என்றாள், இதற்குமேல் புட் அப் வித் முடியாது என்றாள். மூன்றும் இஃபத்தின் காதில் தமிழ் மாதிரி விழுந்தன. மூன்றாவதைக் கேட்டதும் அத்தாவின் நாற்காலி முதுகு கண்முன் வந்தது. பதில் தானாக வந்தது. இந்தத் தடவை தேறிவிடுவேன் என்று நினைத்தாள்.

அப்போது முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது.

லத்தீஃபா உள்ளே வந்தாள். முக்காடு நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தாள். கையில் டீ கிளாஸ். சத்தம் வராமல் குதிகாலைத் தூக்கி நடந்துவந்து கிளாஸை லேப்டாப் பக்கத்தில் வைத்தாள். திரையில் தெரிந்த வெள்ளைக்கார அம்மாவைப் பார்த்து, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றாள். வந்த வழியே திரும்பிப் போனாள்.

திரை சாம்பல் நிறமானது. நடுவில் இரண்டு வரி. அறையில் வேறொருவர் இருந்ததால் தேர்வு நிறுத்தப்பட்டது.

இஃபத் டீயைக் குடித்தாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. சர்க்கரை சரியாக இருந்தது.

வெளியே படிக்கட்டில் வசீம் சுவரில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா அவன் காலைத் தாண்டித்தான் போயிருக்கிறாள்.

"ஏம்மா! யாரும் உள்ள வரக்கூடாதுன்னு எத்தினி தடவ சொன்னேன்?" எழுப்பப்பட்டவன் கத்தினான்.

"சத்தம் போடக்கூடாதுன்னு சொன்னே. போடல. கேமராவுல ஆம்பளைங்க பாப்பாங்கன்னு முக்காடு போட்டுகினுதான் போனேன். ஒரு வார்த்த பேசல."

"பேசுனியேம்மா."

"சலாம் சொன்னேன். அது பேச்சா? ஒரு பொம்பள மூஞ்சுக்கு நேரா ஒக்காந்துகினு கீறா, பாத்தும் பாக்காத மாதிரி வர்றதா?" லத்தீஃபாவின் குரல் உடைந்தது. "ராத்திரி பூரா நின்னுட்டு வந்த புள்ள. பதினோரு மணிக்கு டீ இல்லன்னா அவளுக்குத் தல சுத்தும். அது எனக்குத் தெரியும். ஒனக்குத் தெரியுமா? நீ தூங்கிக்கினு கீறே."

வசீம் போனை எடுத்தான்.

அவனுக்குத் தெரிந்த ஒரே வேலையை அடுத்துச் செய்தான். தேர்வு நடத்துகிறவர்களின் உதவி எண்ணுக்குப் போன் போட்டான். நாற்பது நிமிடம் பாட்டு கேட்டது. பிறகு ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசினாள், தன் பெயர் பவ்யா என்றாள். அவளுக்குப் பின்னால் நூறு பேர் பேசும் இரைச்சல். அந்த இரைச்சலை அவனுக்குத் தெரியும்.

ஹோல்ட் ஆன் என்றாள். லுக் இன்டு செய்கிறேன் என்றாள். ஹேங் அப் செய்துவிடாதீர்கள் என்றாள். வசீம் கோபப்படவில்லை. அவள் முன்னால் ஒரு பட்டியல் இருக்கும். ஏமாற்ற முயன்றார் என்று ஒரு வரி, குடும்பத்தார் தவறுதலாக நுழைந்தார் என்று இன்னொரு வரி. அவள் எதைத் தொடுகிறாளோ அதுதான் அக்காவின் கதி. அதனால் சுற்றி வளைக்காமல் சொன்னான். என் அம்மா டீ கொண்டுபோனாள், வீடியோவைப் பாருங்கள், சலாம் சொல்லியிருப்பாள், அவளுக்கு உங்கள் கேள்வி எதுவும் புரியாது.

அந்தப் பக்கம் கீபோர்ட் தட்டும் சத்தம் கேட்டது. வீடியோ பார்க்கிறாள் போல. லேசாகச் சிரிப்பை அடக்கும் சத்தம்.

இரண்டாவது வரியைத்தான் தொட்டாள். இன்றைக்கே நான்கு மணிக்கு ஒரு இடம் காலியாக இருக்கிறது என்றாள். ஆனால் பதிவு செய்த அதே அறை, அதே கதவு. இந்தத் தடவை தேர்வு எழுதுபவர் உள்ளிருந்து தாழிட வேண்டும், அதைக் கேமராவில் காட்ட வேண்டும். மறுபடி யாராவது நுழைந்தால் ஒரு வருடத்துக்குத் தடை.

வைக்கும் முன் வசீம் குரலைத் தாழ்த்தித் தமிழில் கேட்டான். "சாப்ட்டீங்களா?"

"இன்னும் இல்ல சார்" என்று அவளும் தாழ்த்திச் சொன்னாள். உடனே ஆங்கிலத்துக்குத் திரும்பி நன்றி சொல்லி வைத்தாள்.

லுஹர் தொழுதுவிட்டுக் கலீல் ரகுமான் சாப்பிட வந்தார். வசீம் விஷயத்தைச் சொன்னான். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டார்.

"அந்த ரூமுக்குத் தாப்பா வேணாம்" என்றார்.

"அத்தா, ரெண்டு மணி நேரத்துக்குத்தான்."

"நான் வெளில கொண்டி மாட்டிட்டு அங்கயே நிக்குறேன். என்னத் தாண்டி யாரு போவா?"

அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இஃபத் குழாயை மூடினாள். ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"வெளிலேர்ந்து பூட்டுவீங்களா என்ன?"

"பூட்டு இல்லம்மா. கொண்டிதான்."

"அவரும் கொண்டிதான் மாட்டுவாரு. ராஷித்து. காலைல வேலைக்குப் போறப்போ மாட்டுவாரு, ராத்திரி வந்து தொறப்பாரு. ரெண்டு வருஷம்."

லத்தீஃபா கரண்டியை எந்தப் பாத்திரத்தில் வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"இத ஏன் சொல்லல நீ?" என்றார் கலீல்.

"யாரும் கேக்கல. வந்த அன்னைக்கு, ஏன் வந்தேன்னு கேட்டீங்க. எப்ப திரும்பிப் போவேன்னு கேட்டீங்க."

அவர் கையைச் சோற்றிலிருந்து எடுத்தார்.

"அந்த ரெண்டு நாளு நான் உள்ள இன்னா பண்ணேன்னு நீங்க நெனச்சீங்கன்னு எனக்குத் தெரியும். கதவ ஒடச்சீங்க, தாப்பாவக் கழட்டுனீங்க. நான் தூங்குனேன் அத்தா. வேற ஒண்ணும் பண்ணல. அப்பவே சொன்னேன், யாரும் நம்பல. ரெண்டு வருஷம் கழிச்சு அன்னைக்குத்தான் தாப்பா உள்பக்கம் இருந்திச்சு. நானே போட்டேன். அதான் தூக்கம் வந்திச்சு."

சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். குழாயைத் திறந்தாள். மிச்சப் பாத்திரத்தைக் கழுவினாள்.

கலீல் ரகுமான் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு கீழே இறங்கினார்.

கல்லா மேஜையின் கடைசி இழுப்பறையில் ஒரு மருதாணி டப்பா. உள்ளே வளைந்த ஆணி, மிஷின் பல், மூன்று வருடத்துக்கு முன் கழற்றிய தாழ்ப்பாள். அதை எடுக்கும்போது டப்பாவுக்கு அடியிலிருந்த பழுப்புக் கவரும் கூடவே வந்தது.

கோவிந்தராஜ் மெத்தை உறைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா பாய், அந்தக் கவர இன்னும் இஃபத்து பாப்பா கைல குடுக்கலியா?"

"குடுக்குறேன்."

"வெள்ளிக்கெழம ராஷித்து வந்து குடுத்துட்டுப் போச்சு. இன்னைக்கு இன்னா கெழம? புதன். கொழந்த பாஸ்போட்டுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னு ஒரு வருஷமா இழுத்தவன் அவனா வந்து போட்டுக் குடுத்துகீறான். நீ அத டப்பாக்கு அடில வெச்சுகினு கீறே."

"பரீச்ச முடியட்டும்னு கீறேன்."

"பரீச்ச முடியட்டும்னா, இல்ல தோக்கட்டும்னா?"

கலீல் டப்பாவை மூடினார். கையெழுத்து இல்லாமல் இனாயாவுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. பாஸ்போர்ட் இல்லாமல் இஃபத் கிளம்பமாட்டாள், பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவள் இல்லை. இந்த ஐந்து நாளாக அவர் ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் இதையே நினைத்துக்கொண்டிருந்தார். தேறாவிட்டால் கவருக்கு வேலையே இல்லை. யாருக்கும் தெரியவும் வேண்டாம்.

ராஷித் ஏன் திடீரென்று மனம் மாறினான் என்பதும் அவருக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. கேட்காமலே விடுவது இந்த வீட்டுக்குப் பழகிப்போயிருந்தது.

கவரை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தாழ்ப்பாள், திருப்புளி, நான்கு புதுத் திருகாணி எடுத்துக்கொண்டார்.

"சாயங்காலம் வரைக்கும் மிஷின் ஓடக்கூடாது" என்றார்.

"ஸ்விட்ச் ஆஃப்" என்றார் கோவிந்தராஜ். "எனக்கும் பத்து பாஞ்சு தெரியும் பாய். நீதான் ஒண்ணும் கத்துக்கல."

மூன்றரைக்குக் கலீல் ரகுமான் கதவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். சோப்பைச் சுரண்டி எடுத்தபோது பழைய ஓட்டைகள் நெகிழ்ந்துபோயிருந்தன. திருகாணி பிடிக்கவில்லை. தீக்குச்சியை ஒடித்து உள்ளே வைத்துத் திருகினார்.

வசீம் அக்காவைக் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். தன் குரல் அவளுக்குப் பழகிவிட்டது என்று அம்மாவை நோயாளி ஆக்கினான். அம்மா தமிழில் சொல்ல வேண்டும், இஃபத் அந்த ஊர்க்காரர்கள் சொல்கிற மாதிரி மாற்ற வேண்டும்.

லத்தீஃபா நடிக்கவில்லை. அவளுக்கு இருப்பதையே சொன்னாள்.

"முட்டி வலி மாத்திர போட்டா மத்தியானம் வரைக்கும்தான் கேக்குது. அப்புறம் மறுபடி வந்துருது."

"வேர்ஸ் ஆஃப்."

"டாக்டராண்ட போவணும் போவணும்னு நெனைக்குறேன், நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப்போவுது."

"புட் ஆஃப். கோயிங் டு த டாக்டர், யூ கீப் புட்டிங் இட் ஆஃப்." இஃபத் அம்மாவைப் பார்த்தாள். "எத்தினி நாளா வலிக்குது?"

"அது கெடக்கு. அடுத்தது சொல்றேன். நீ போயிட்டா இந்தப் புள்ளைய யாரு பாத்துப்பா, அங்க?"

"லுக் ஆஃப்டர்" என்றாள் இஃபத். பிறகுதான் கேள்வி உறைத்தது. "நான்தான்மா பாத்துப்பேன். வேற யாரு?"

"டூட்டிக்குப் போனா?"

"அங்க அதுக்கெல்லாம் இடம் இருக்கு."

"அதுக்கு இங்கிலீஷ்ல இன்னா?"

வசீம் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அம்மா, நீ பேஷண்ட். பேஷண்ட் மாதிரி மட்டும் பேசு."

"நான் பேஷண்ட்டுதான்டா. எனக்குத்தான் வலிக்குது."

திருப்புளி நின்றது. கலீல் ரகுமான் எழுந்தார். முழங்கால் சொடக்கிட்டது. தாழ்ப்பாளை இரண்டு முறை முன்னும் பின்னும் இழுத்தார். துரு உதிர்ந்தது.

"உள்ள நின்னு போட்டுப் பாக்கணும். சட்டத்துல சரியா உழுதான்னு" என்றார்.

"நான் போறேன்" என்றாள் இஃபத்.

"இரு."

அவரே உள்ளே போனார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

வெளியே மூன்று பேரும் நின்றார்கள். திறக்கவில்லை. வசீம் போனைத் தாழ்த்தினான். மூன்றே முக்கால் ஆகியிருந்தது. கீழே இனாயாவின் பள்ளி வேன் ஹாரன் அடித்தது, யாரும் போகவில்லை. கோவிந்தராஜ் பிள்ளையிடம் ஏதோ பேசுவது கேட்டது.

"அத்தா?" என்றாள் இஃபத்.

பதில் இல்லை.

கதவில் கை வைத்தாள். மரம் குளிர்ந்திருந்தது. நெம்பிய இடத்தில் பட்டை உரிந்த தடம் விரலுக்குப் பட்டது. இந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. அவர் இங்கே இரண்டு நாள் நின்றார். இரண்டாவது முறை கூப்பிட வாயெடுத்தாள்.

தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு திறந்தது. கலீல் ரகுமானின் முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வந்தார்.

"உழுது. கொஞ்சம் தூக்கிப் புடிச்சுப் போடு" என்றார்.

அம்மாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். டீ அடுப்பைத் தானே அணைத்துவிட்டுப் போனாள். வசீமை இனாயாவோடு பேக்கரிக்கு விரட்டினார் கலீல். "நீ இங்க ஒக்காந்தா தூங்குவே." அவன் மறுக்கவில்லை. படியில் இறங்கும்போது திரும்பி, "நாப்பது செகண்டு வாய மூடிக்கினு இருக்காதக்கா, தெரியலன்னா திரும்ப சொல்லச் சொல்லு" என்றான்.

இஃபத் முகம் கழுவிவந்தாள். தூங்காமல் இருபத்து நான்கு மணி நேரமாகியிருந்தது. கண்ணுக்குக் கீழே கருப்பு. தலைத்துணியைச் சரிசெய்து பின் குத்தினாள். அறைக்குள் காலை வைத்தவள் அத்தா நகராமல் நிற்பதைப் பார்த்தாள். அவர் கை சட்டைப் பையின்மேல் இருந்தது.

"இன்னா அத்தா?"

"ஒண்ணுமில்ல."

"நெஞ்சு வலியா?"

"இல்லம்மா."

"அப்புறம் ஏன் கைய அங்க வெச்சுகினு இருக்கீங்க? சொல்லணும்னா இப்ப சொல்லுங்க. நாலு நிமிஷம் இருக்கு."

கவரின் மூலை துணிக்குள்ளிருந்து அவர் விரலில் குத்திக்கொண்டிருந்தது. எடுத்தால் அவள் படிப்பாள். படித்தால் ராஷித்தைப் பற்றி யோசிப்பாள். அந்த யோசனையோடு தேர்வில் உட்கார வேண்டாம். இது ஒரு காரணம். இது மட்டும்தான் காரணமா என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

"முடிச்சிட்டு வா. சொல்றேன்" என்றார்.

"நெசமா?"

"வா. சொல்றேன்."

அவள் அவரை ஒரு நொடி பார்த்தாள். வார்டில் காய்ச்சல் கண்டவனைப் பார்க்கிற பார்வை. பிறகு செங்கல்லைக் குனிந்து எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இத கீழ எடுத்துட்டுப் போயிருங்க. தட்டி விழுந்துரப்போறீங்க."

ஒரு கையில் செங்கல்லோடும் இன்னொரு கை பையின்மேலும் கலீல் ரகுமான் பின்னால் நகர்ந்தார். கதவு மூடியது. உள்ளே அவள் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். தாழ்ப்பாள் ஒரே தடவையில் விழுந்தது.